அப்பா பேரில் ஒரு கார்

என் வீட்டுக்காரர் சிவக்குமார் பெங்களூர்க் குடித்தனத்துக்குப் பட்ஜெட் போட்டதைப் பார்த்திருந்தால் நீங்கள் அவரிடம் உங்கள் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏற்றுக்கூலி, தண்ணீர்க் கேன் இதெல்லாம் எல்லோரும் போடுவதுதான். இவர் கறிவேப்பிலைக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். "நாமக்கல்ல காய் வாங்குனா ஒரு கொத்து சும்மா போட்டுத் தர்றாங்க தமிழு. அங்க அதுக்கும் காசாம்" என்றார். அப்படிப்பட்ட பட்ஜெட்டில் ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு ஓட்டை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மாற்றல் எனக்குத்தான். நான் கோழித்தீவனக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். தலைமை அலுவலகத்துக்கு வா என்றார்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே அவருடைய ஆபீஸ். அதனால் மூட்டை கட்டினோம். சாமான் வேனில் முன்னால் போனது, நாங்கள் காரில் பின்னால் போனோம்.

அன்றைக்கே முதல் சண்டை. ஓமலூர் டோல்கேட்டைத் தாண்டி, தொப்பூர் மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். முறுக்கு நன்றாக இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்துவிட்டோம். போன் அடித்தது. வெண்ணந்தூரிலிருந்து அப்பா.

"ஏஞ் சாமி, ஓமலூர் தாண்டி முக்கா மணி நேரமாச்சு. இன்னும் பாளையம் டோல்கேட் மெசேஜ் வர்லே. எங்க நிக்கறீங்க?"

"டீ குடிக்கறமுங்கப்பா."

"முக்கா மணி நேரமா? டீத்தூளக் காட்டுல இருந்து பறிச்சுட்டு வாரானா?"

அப்பா மணியன் நாலு லாரிக்கு முதலாளி. டோல்கேட்டில் வண்டி தாண்டினால் காசு பிடித்த மெசேஜ் அவர் போனுக்கு வரும். அதை வைத்துத்தான் தொழில் செய்கிறார். காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே எந்த வண்டி எந்த ஊரில் போகிறது என்று சொல்லிவிடுவார். டிரைவர் இரண்டு டோல்கேட்டுக்கு நடுவில் தூங்கினால் அவருக்குத் தெரியும், மாமியார் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்றாலும் தெரியும். அதே கணக்கில் எங்கள் காரையும் சேர்த்திருந்தார். எனக்கு முப்பது வயது. என்னையும் நாமக்கல் முட்டை லோடு மாதிரி ஒருத்தர் எண்ணிக்கொண்டிருந்தால் கோபம் வருமா வராதா? பெங்களூர் போய்ச் சேருவதற்குள் கிருஷ்ணகிரிக்கு ஒன்று, அத்திப்பள்ளிக்கு ஒன்று என்று போன் வந்துகொண்டே இருந்தது. சிவக்குமார் மட்டும் ஒவ்வொரு தடவையும் "மாமாவுக்கு என்ன பாசம் பாரு" என்றார். அவருக்கு மாமனாரைக் கண்டால் பயம், அதைப் பாசம் என்று சொல்லிக்கொள்வார்.

பெங்களூரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழே மாதேஷ் என்று ஒருவர் ஆபீஸ் வைத்திருந்தார். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வண்டிப் பேர் மாற்றம் எல்லாம் முடித்துக் கொடுப்பவர். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். எங்கள் காரின் தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்ததும் அவருக்கு எங்கள் மேல் ஒரு தனி அக்கறை வந்துவிட்டது.

"மேடம், இங்க எத்தனை வருஷம் இருப்பீங்க?"

"இருப்பமுங்க. என்ன விஷயம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல வண்டி இங்கயே இருந்தா கர்நாடகா நம்பருக்கு மாத்தணும். ஆயுள் வரி கட்டணும்."

சிவக்குமார் சிரித்தார். "ஆயுள் வரி வாங்கும்போதே கட்டியாச்சுங்களே."

"அது தமிழ்நாட்டு ஆயுளுங்க சார். இது கர்நாடகா ஆயுள்" என்றார் மாதேஷ். அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம், அது மெதுவாக வரும், இங்கே கட்டுவது மட்டும் முதலிலேயே கட்ட வேண்டும் என்று விளக்கினார். தொகையையும் சொன்னார். சிவக்குமார் மடிக்கணினியைத் திறந்து கறிவேப்பிலைக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேஷ் அடுத்ததாக ஆர்.சி.யைக் கேட்டார். பார்த்துவிட்டு, "மணியன் யாருங்க? அவர் இங்க குடியிருக்காரா? ஓனருக்கு இந்த ஊர் விலாசம் வேணுமே" என்றார்.

இது எனக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எதுவும் அப்பா பேரில்தான் இருக்கும். அம்மாவின் ஸ்கூட்டி கூட மணியன்தான். ஒரே பேரில் இருந்தால்தான் பைனான்ஸ்காரன் மதிப்பான் என்பது அவர் கட்சி. ஆனால் வண்டியின் நெற்றியில் எழுதுகிற பேர் வேறு. நாலு லாரியின் நெற்றியிலும் 'தமிழினி' என்று பூப்போட்டு எழுதியிருக்கும். அசாமில் ஏதோ ஒரு ஊரில் பள்ளத்தில் இறங்கிய லாரியைத் தூக்கும்போது அங்கிருந்தவர்கள் 'தமிழினி, தமிழினி' என்று கத்திக்கொண்டே இழுத்ததாக டிரைவர் கருப்பண்ணன் பெருமையாகச் சொல்வார். கல்யாண மேடையில் அப்பா எங்கள் இரண்டு பேர் கையிலும் தெர்மாகோலில் செய்த ஆள் உயரச் சாவியைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். காரின் முன் கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'தமிழினி' என்று ஒட்டியிருந்தது. ஆர்.சி.யில் மணியன். அப்பாவுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டோம். வரி என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ற வண்டி ஓடாத ஸ்டேட் இல்லே. வரி எப்படிக் கட்டறது, எங்க கட்டறதுன்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா? அந்தாளு ஒரு வருஷம் தொடர்ந்து இருந்தாத்தானே சொல்றான்?"

"ஆமாங்க மாமா."

"தொடர்ந்து இருக்க உடாதீங்க. அவ்வளவுதான். லாரி ஆபீஸ்ல நாங்க மாத்து வண்டி உடறதில்லையா? நாலு மாசத்துக்கு ஒருக்கா காரை ஊருக்குக் கொண்டாந்து நிறுத்துங்க. இங்கிருந்து மாத்து வண்டி ஒன்னு தாரேன். டோல்கேட் மெசேஜ் சாட்சி இருக்குது. எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் காட்டிப் போடலாம்."

"நல்ல யோசனைங்க மாமா" என்றார் சிவக்குமார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. மாத்து வண்டி எந்த வண்டி?

நாலாவது மாதம் காரைக் கொண்டுபோய் வெண்ணந்தூரில் விட்டபோதுதான் தெரிந்தது. வாசலில் குட்டியானை நின்றது. தோட்டத்துக்கு எரு அடிக்கவும், சந்தைக்கு ஆடு ஏற்றவும் வைத்திருக்கிற சின்ன லோடு வண்டி. அப்பா அதைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். நெற்றியில் 'தமிழினி'.

"ஏனுங்கப்பா, இதுலயா நான் ஆபீஸ் போறது?"

"கார்ல என்ன இருக்குது, இதுல என்ன இல்லே? பின்னால இடம் வேற இருக்குது."

பின்னால் இடம் இருந்தது, அதில் ஆட்டு வாசமும் இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் மழை பெய்ததும் திரும்ப வந்துவிடும். பெங்களூரில் தினம் மழை பெய்தது.

முதல் நாள் ஆபீஸ் கேட்டில் காவலாளி என்னை நிறுத்தி, சரக்கு வண்டியெல்லாம் பின் வாசல் என்று கை காட்டினார். நான் இங்கே வேலை செய்கிறவள் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உள்ளே போன் செய்தார். பின் வாசலில் இரண்டு பேர் லோடு இறக்கத் தயாராக நின்றார்கள். நான் இறங்கியதும் அவர்கள் பின்னால் ஏறிப் பார்த்தார்கள். என்னுடைய சாப்பாட்டுப் பை ஒன்றுதான் இருந்தது. அதைப் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே போலீஸ் பிடித்தது. ஆபீஸ் நேரத்தில் சரக்கு வண்டி அந்த ரோட்டில் வரக்கூடாதாம். அபராதம். மறுநாள் வேறு ரோட்டில் போனேன், அங்கே கேமரா. அபராத மெசேஜ் எல்லாம் ஓனர் போனுக்குப் போகும் அல்லவா? போனது. அப்பா ஒவ்வொன்றாகக் கட்டினார். கட்டிவிட்டுப் போன் செய்தார்.

"ஏஞ் சாமி, காலையில எட்டே காலுக்கு எதுக்கு அந்தப் பாலத்துக்கிட்டப் போன?"

"ஆபீஸுக்குங்கப்பா!"

"ஆறு மணிக்கே போயிடு. அப்பப் புடிக்க மாட்டான்."

அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சிவக்குமார் பட்ஜெட்டில் 'மாத்து வண்டி அபராதம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார். வீட்டுக்குள் இருந்துகொண்டே வேலை பார்க்கிறவருக்கு ஆட்டு வாசமும் தெரியாது, பின் வாசலும் தெரியாது. "வரியோட ஒப்பிட்டா இன்னும் நமக்கு லாபம்தான் தமிழு" என்றார். அன்று அவருக்கு ராத்திரிச் சோறு அவரே போட்டுக்கொண்டார்.

நான் அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "காரை என்ற பேருக்கு மாத்திக் குடுத்துருங்க. வரி நாங்க கட்டிக்கறோம்."

"உன்ற பேருதான் கண்ணாடியிலயே எழுதியிருக்குதே."

"ஆர்.சி.யில வேணுமுங்கப்பா."

"பாக்கலாம் சாமி. தை பொறக்கட்டும்." தை பிறந்தது. "மாசி நல்ல மாசம்" என்றார். மாசி வந்தது. "ஆத்தா கோயில்ல பூ போட்டுக் கேட்டுரலாம்" என்றார். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, "சிவப்பு வந்துருச்சு சாமி, ஆத்தா உத்தரவு குடுக்கலே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஆத்தாவையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். முப்பது வயதில், மாதச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு காரைத் தன் பேரில் வைத்துக்கொள்ள உத்தரவு கிடைக்கவில்லையாம். குட்டியானையைக் கீழே நிறுத்திவிட்டு, அப்பாவுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஊருக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவது என்று சிவக்குமாரிடம் மட்டும் சொன்னேன். அவர் முக்கியமான மீட்டிங் இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் வெண்ணந்தூர் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா முன் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீ எப்படி வந்த? வண்டி எங்க? மெசேஜே வர்லியே!"

"பஸ்ல வந்தனுங்கப்பா."

"பஸ்ல வந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். கோபப்பட வந்தவள் நான். அவர் எதற்குக் கத்துகிறார் என்று புரியாமல் நின்றேன்.

அம்மா சௌந்திரம் சமையல்கட்டிலிருந்து வந்தார். அம்மா எப்போதுமே சத்தம் போட மாட்டார், உண்மையைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அது சத்தத்தைவிட மோசம்.

"பூ போட்ட கதையக் கேளு உங்கப்பனை" என்றார். "மொத தடவ வெள்ளைப்பூ வந்துச்சு. சரியாப் போடலேன்னு மறுக்காப் போடச் சொன்னாரு. அதுவும் வெள்ளை. மூணாவதும் வெள்ளை. பூசாரியே வேர்த்துப் போயிட்டாரு. சிவப்பு வந்த பொறகுதான் சூடத்தத் தொட்டுக் கும்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "ஏனுங்கப்பா, ஆத்தாளையே ஏமாத்தறீங்களா? ஒரு காரு. அத என்ற பேருக்கு மாத்தறதுல உங்களுக்கு என்ன போகுது?"

அப்பா போனைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் மறுபடியும் சொன்னார். "பேரு மாறுனா மெசேஜ் உன்ற போனுக்கு வந்துருமாம். அதுதான்."

"அதுக்கு?"

"நீ கார்ல வர்ற அன்னிக்கு ஓமலூர் மெசேஜ் வந்தாத்தான் உங்கப்பன் தட்டுல கைய வெப்பாரு. நீ வந்து சேர்றப்ப எப்பப் பாத்தாலும் சோத்துக்கையோட வாசல்ல நிப்பாரே, கவனிச்சதில்லே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கவனித்திருக்கிறேன். சாப்பாட்டு ராமன் என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அப்பா போனைக் கீழே வைத்தார். "நம்ம சந்திரசேகரன் வண்டி தொப்பூர் எறக்கத்துல போச்சே, தெரியுமில்லே. அன்னிக்குப் பாளையம் தாண்டுன மெசேஜ் வந்துருச்சு. அதுக்கப்புறம் எறக்கம், எறங்குனா ஓமலூரு. ஓமலூர் மெசேஜ் வர்லே. நான் போன் அடிச்சுட்டே இருந்தேன், மணி அடிச்சுட்டே இருந்துச்சு, எடுக்க ஆளில்லே." நிறுத்தினார். "எனக்குப் பயம் சாமி. வேற ஒன்னுமில்லே."

சந்திரசேகரன் அண்ணன் இறந்தது எனக்குத் தெரியும். அப்பாவின் பழைய லாரி டிரைவர், எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். ஆனால் அப்பா அந்த நாளிலேயே இன்னும் போன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாது. எனக்கு அழுகை வந்தது. என்னை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் எண்ணவில்லை, வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதுக்காக நான் ஆட்டு வண்டியில போகணுமா?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அப்பா சிரித்துவிட்டார். "எங்க கையெழுத்துப் போடணும், கொண்டா" என்றார். "இனி டோல்கேட் டோல்கேட்டுக்குப் போன் பண்ண மாட்டேன். உன்ற வண்டி, உன்ற பாடு."

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குட்டியானையைக் கருப்பண்ணன் அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போனார், அது மறுபடியும் ஆடுகளிடம் போய்ச் சேர்ந்தது. காரைப் பேர் மாற்றி, ஊரில் தடையில்லாச் சான்று வாங்கி, பெங்களூரில் மாதேஷ் வழியாக வரியும் கட்டினோம். அதற்குச் சிவக்குமார் சோபாவுக்கு ஒதுக்கிய கட்டத்தை அழித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாயில்தான் உட்கார வேண்டும்.

நம்பர் மாறினால் டோல்கேட் ஸ்டிக்கரும் புதிது ஒட்ட வேண்டும். மாதேஷ் என் போன் நம்பரைக் கேட்டார். நான் அப்பாவின் நம்பரைச் சொன்னேன். அதற்கு வந்த ரகசிய எண்ணை, அப்பா குளிக்கும்போது அம்மா பார்த்துச் சொன்னார்.

"ஓனர் நீ, காசு நம்முது, மெசேஜ் மட்டும் அவருக்கா?" என்றார் சிவக்குமார்.

"ஆமாங்க. வண்டி என்னுது. மெசேஜ் அவருது."

புது நம்பரோடு முதல் தடவை ஊருக்குக் கிளம்பினோம். அப்பாவிடம் சொல்லவில்லை. அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"சாமி, போன் பண்ண மாட்டேன்னுதான் சொன்னேன். இது வேற விஷயம். எவனோ கர்நாடகாக்காரன் வண்டிக்கு டோல்கேட் மெசேஜ் என்ற போனுக்கு வருது. கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டிட்டு இருக்கேன். ஒருத்தன் இந்தியில பேசறான், ஒருத்தன் இங்கிலீஷ்ல பேசறான். மாப்ளைக்கு ஏதாச்சும் தெரியுமான்னு கேளு."

"அந்த நம்பரைப் படிங்கப்பா."

படித்தார். கடைசி நாலு எண்ணை இரண்டாவது தடவையும் மெதுவாகப் படித்தார். கல்யாணத்துக்கு அவர் கேட்டு வாங்கின பழைய நம்பர் இல்லை, ஆனால் நான் படிக்கச் சொன்னதிலேயே யார் வண்டி என்று புரிந்துவிட்டது. இரண்டு லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின.

"சரி, பாத்து வாங்க" என்று வைத்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் போன் வரவில்லை. பாளையத்திலும் வரவில்லை. தொப்பூர் இறக்கத்தை இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன். கீழே சமதரைக்கு வந்ததும் சிவக்குமார் ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"தமிழு, அந்த முறுக்குக் கடை. நிறுத்து, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்."

மணி ஒன்றரை ஆகியிருந்தது.

"ஓமலூர் தாண்டிக் குடிச்சுக்கலாமுங்க. அங்க ஒருத்தர் இன்னும் சாப்புடாம இருப்பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டேன்.